பால் டப்பா வேண்டாம், கொடிக்கயிறு வாங்குங்கள்

கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நாற்பது வீடுகள் சேர்ந்து குழந்தைத் துணி, பால்பவுடர், பால்புட்டி, டயப்பர் எல்லாம் திரட்டி, அரசு மருத்துவமனையில் பிரசவமான கஷ்டப்பட்ட தாய்மார்கள் மாதம் நாற்பது பேருக்குப் பை போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறீர்கள். பட்டியல் சரியா, யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் 'கொடுத்தது வீணாகப் போகக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. பட்டியல் பத்து நிமிட வேலை. எது, யாருக்கு, எந்த நேரத்தில் போனால் வீணாகாது என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 29 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டிலும் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலும் போனது. உங்களைப் போன்றவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவள் நான். ஆறு மாதம் கழித்து அலமாரியை ஒழிக்கும்போது அதில் பாதியைத் தூக்கி எறிந்தவளும் நான்தான். நான் பார்த்ததெல்லாம் கொங்குப் பக்கத்து ஊர்கள். மலைக் கிராமத்திலும் கடற்கரை ஊரிலும் நிலைமை வேறாக இருக்கலாம்.

முதலில் பால்பவுடர். இதில் என் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை, சட்டம் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கிற பால்பவுடர், பால்புட்டி, இரண்டு வயது வரையிலான குழந்தைக்கான டப்பா உணவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்த 1992-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். கம்பெனிக்காரர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்ற அளவில்தான் பலருக்கு அதைத் தெரியும். அதன் 5-ஆம் பிரிவில், ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குத் தவிர வேறு யாருக்கும் இவற்றை நன்கொடையாகக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. கம்பெனிக்கு மட்டும் என்று அதில் இல்லை. நீங்களும் நானும் அதில் அடக்கம். ஒரே ஒரு வழி விட்டிருக்கிறார்கள்: தாய்ப்பால் கொடுக்க முடியாத, விலை கொடுத்து வாங்கவும் வசதியில்லாத தாய்க்கு, தாய் சேய் நலப் பணியில் இருக்கும் மருத்துவமனையோ அமைப்போ கொடுக்கலாம். குடியிருப்போர் சங்கம் அந்தக் கணக்கில் வராது. ஆகவே பால்பவுடர், பால்புட்டி, ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கிற டப்பா கூழ்மாவு, மூன்றையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள்.

சட்டம் இருக்கட்டும், ஏன் இவ்வளவு கடுமை என்று தோன்றும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முறை ஓர் அமைப்பு வந்து, நான் விடுப்பில் இருந்த நாளில், வார்டு முழுக்க ஆளுக்கொரு டப்பாவும் ஒரு புட்டியும் கொடுத்துவிட்டுப் போனது. அதை வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், இரண்டு மாதம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வயிற்றுப்போக்கு, உச்சிக்குழி உள்வாங்கி, கண் பஞ்சடைந்து கிடந்தது பிள்ளை. என்ன பால் கொடுக்கிறாய் என்றால் பைக்குள்ளிருந்து அதே டப்பா வந்தது, மூன்றாவதோ நான்காவதோ வாங்கியது. ஒரு ஸ்பூனுக்கு முப்பது மில்லி தண்ணீர் என்று டப்பாவில் போட்டிருக்கும். இவள் அரைப் புட்டிக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கியிருக்கிறாள். "முடிஞ்சிட்டே இருக்குதுங்க சிஸ்டர், தீந்தா நான் எங்கீங்க போவேன்" என்றாள். கணக்கு அப்படித்தான். இரண்டு மாதக் குழந்தைக்கு 400 கிராம் டப்பா நான்கைந்து நாளைக்குமேல் வராது. மாதம் ஏழு டப்பா வேண்டும். நன்கொடையாக வந்தது ஒன்று. அந்த ஒன்று தீர்வதற்குள் குழந்தை மார்பில் சப்புவது குறைந்து, சப்புவது குறைந்ததால் பால் ஊறுவதும் குறைந்துவிட்டது. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது, எட்டு நாள் ஆயிற்று.

அப்படியானால் பாலே இல்லாத தாய் என்ன செய்வாள்? முதலில், 'பால் போதவில்லை' என்று சொல்கிற பெண்களில் பெரும்பாலோருக்குப் பால் இருக்கும். குழந்தையைச் சரியாகப் பிடித்துப் போடத் தெரியாமல் இருக்கும், அல்லது பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் ஏதாவது சொல்லியிருப்பார். முதல் வாரம் கழிந்த பிறகு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் குழந்தை சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். உண்மையிலேயே கொடுக்க முடியாதவர்களும், குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற குழந்தைகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் தாய்ப்பால் வங்கி. 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் முதலில் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. கொடுக்கிற தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேகநோய் எல்லாம் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, மறுபடி சோதித்து, உறைநிலையில் வைப்பார்கள். உங்கள் நாற்பது வீட்டில் கைக்குழந்தைக்காரி யாராவது இருந்து, தன் குழந்தைக்குப் போக மிச்சம் பால் இருந்தால், நீங்கள் திரட்டப்போகும் அத்தனை பொருளையும்விடப் பெரிய நன்கொடை அவளிடம் இருக்கிறது. வங்கி வழியாக மட்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு நேரடியாகப் பால் கைமாற்றுவதைச் செய்யாதீர்கள். தாய்ப்பாலை விலைக்கு விற்பது கூடாது என்று 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அறிவுறுத்தல் வெளியிட வேண்டிய அளவுக்கு அதில் வியாபாரம் நுழைந்திருந்தது.

சரி, துணிக்கு வருவோம். இதில்தான் உங்களால் நிறையச் செய்ய முடியும். நம் ஊரில் ஒரு வசதி என்னவென்றால், பிறந்த குழந்தைக்குப் பழைய துணி என்பது கௌரவக் குறைச்சல் கிடையாது. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதல் துணி. நோய்நொடியில்லாமல் வளர்ந்த குழந்தையின் சட்டையை வாங்கிப் போட்டு வைப்பார்கள். பாட்டி புடவையில்தான் தூளி. பிறக்கும் முன்னால் குழந்தைக்குப் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்ற நம்பிக்கையும் பலமாக இருக்கிறது. ஆகவே வசதியில்லாத வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வரும்போது கைப்பையில் இரண்டு துண்டுத் துணி இருந்தால் அதிகம். வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டியை நான்காகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தால், எந்தக் கடைத் துணியும் அதற்கு ஈடாகாது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும். உங்கள் குடியிருப்பில் வேட்டி கட்டுகிற பெரியவர்கள் இருப்பார்களே, அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

எண்ணிக்கையில்தான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அழகாக ஜப்லா நான்கு, துண்டு இரண்டு என்று பை போடுவார்கள். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஈரமாகிற பிள்ளைக்கு இடுப்புத்துணி மட்டும் இருபது வேண்டும், மழைக்காலத்தில் முப்பது. கார்த்திகை மாதத்தில் எங்கள் வார்டு ஜன்னல் கம்பி ஒவ்வொன்றிலும் துணி தொங்கும். ஓர் அப்பா இரவு இரண்டு மணிக்கு ஃபேனுக்கு நேராகக் கை இரண்டையும் விரித்துத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், சிலுவை மாதிரி. கேட்டால், இதுதான் கடைசி, காய்ந்தால்தான் போட முடியும் என்றார். அன்றிலிருந்து யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது: ஜப்லாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்; பத்தடி நைலான் கொடிக்கயிறு, இரண்டு டஜன் கிளிப், மூடி போட்ட வாளி ஒன்று, துணி சோப்பு நான்கு கட்டி வாங்கிக் கொடுங்கள். லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவளுக்குத் துவைக்கவும் காயப்போடவும் இடம்தான் பிரச்சினை. கயிறு கொடுத்த அன்று யாரும் சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுமாதம் தடுப்பூசிக்கு வருகிறவள் கயிறைப் பற்றித்தான் முதலில் பேசுவாள்.

பழைய குழந்தைச் சட்டைகளையும் வாங்குங்கள், ஆனால் பிரித்துப் பார்க்கிற வேலை இருக்கிறது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த துணி பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. அதிலிருக்கிற நாஃப்தலீன், ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. மருத்துவப் பாடத்தில் உள்ள விஷயம் இது, பாட்டி சொன்னது இல்லை. துவைத்தும் வாசம் போகாத துணியைக் கால்மிதியாக்கிக்கொள்ளுங்கள். மற்றபடி, கழுத்தில் கயிறு வைத்துக் கட்டுகிற சட்டை, உதிரக்கூடிய பட்டன், ஜிகினா, நெஞ்சில் பிளாஸ்டிக் மாதிரிக் கெட்டியாகப் படம் அச்சடித்தது, இதெல்லாம் வேண்டாம். பக்கவாட்டில் நாடா முடிச்சுப் போடுகிற பருத்தி ஜப்லா போதும். நீங்கள் கோவையில் இருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. திருப்பூரில் குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்கிற யூனிட்களில், தையல் சற்றுக் கோணலானது, அளவு பிசகியது என்று ஒதுக்குகிற 'செகண்ட்ஸ்' துணி எடைக்குப் போகும். தெரிந்தவர் மூலம் பேசினால் நல்ல இண்டர்லாக் துணி உடுப்பு மூட்டையாகவே கிடைக்கும். கடையில் போய் நாற்பது செட் வாங்குவதற்குச் செலவு செய்யாதீர்கள்.

டயப்பரை நான் எதிர்க்கவில்லை. இரவுக்கும், பஸ்ஸில் போகும் நாளுக்கும், அறுவை சிகிச்சை செய்து எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிற முதல் சில நாட்களுக்கும் அது உதவும். தினமும் அதுதான் என்று பழக்கிவிட்டால் பால் டப்பா கதைதான். முதல் பாக்கெட் உங்களுடையது, அடுத்தது அவள் கூலியிலிருந்து. தேன், பவுடர், கண்மை, கிரைப் வாட்டர், ரப்பர் சூப்பான், தலையணை, பொம்மை, வாக்கர், எல்லாம் பரிசுப் பையில் வந்து நான் எடுத்துப்போட்டவை. பிறந்த குழந்தையின் நாக்கில் தொட்டுச் சேனை வைக்கத் தேன் என்று ஆசையாகக் கொண்டுவருவார்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் படக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து நரம்பைச் செயலிழக்க வைக்கும். வாக்கர் விற்பதை கனடா 2004-லேயே தடைசெய்துவிட்டது, இங்கே இன்னும் பிறந்தநாள் பரிசு. குழந்தைகளுக்கான கொசுவலை குடை இருக்கிறதே, அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், அரசு ஏற்கெனவே என்ன கொடுக்கிறது என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் துண்டு, உடுப்பு, கொசுவலை, எண்ணெய், சோப்பு, தாய்க்குச் சௌபாக்ய சுண்டி லேகியம் என்று 16 பொருள் கொண்ட பெட்டகம் தரும் திட்டம் 2015-ல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமாகவும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் 18,000 ரூபாய், தவணை தவணையாக, முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. பிரசவமும், ஒரு வயது வரை குழந்தைக்கான சிகிச்சையும், வண்டி வாடகையும் அரசு மருத்துவமனையில் இலவசம். 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் அது. ஆறு மாதம் முடிந்ததும் அங்கன்வாடியில் சத்துமாவு. இவ்வளவு இருக்கிறபோது நீங்களும் இன்னொரு எண்ணெய் பாட்டிலும் சோப்பும் வைத்துப் பை கட்டினால், ஒரே வாரத்தில் ஒரே பொருள் இரண்டு தடவை போய்ச் சேரும். அதைவிட, இந்தத் திட்டங்களில் விடுபட்டவள் யார் என்று கண்டுபிடிப்பது பெரிய உதவி. கர்ப்பமானதும் அரசிடம் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் என்கிற தாய் சேய் நலப் பதிவு எண்ணை வாங்காதவள், வங்கிக் கணக்கில் பெயர் மாறிக் கிடப்பவள், மூன்றாவது பிரசவக்காரி, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ மில் வேலைக்கு வந்து ஊரில் பதிவு செய்துவிட்டு இங்கே பிரசவித்தவள். உங்கள் குடியிருப்பில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது மாதம் ஒரு நாள் உட்கார்ந்து இவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாலே ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்துசேரும்.

யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு கூட்டம், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க, தாய்க்கு டிஸ்சார்ஜ் ஆகிவிட்ட குடும்பங்கள். குறைமாதக் குழந்தை எடை ஏறி வெளியே வர ஒரு மாதம்கூட ஆகும். தாய் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் பீச்சிக் கொடுக்க வேண்டும், ஆகவே ஊருக்குப் போக முடியாது. துணைக்கு வந்த அம்மாவுக்குச் சாப்பாடு கிடையாது, கணவன் வேலைக்குப் போனால் கூலி, வந்தால் பஸ் செலவு. அவர்களுக்குக் குழந்தைச் சட்டை எதற்கு? முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு, பெரிய சைஸ் நாப்கின், ஃபிளாஸ்க், செருப்பு, ஒரு போர்வை, மாதச் சாப்பாட்டு டோக்கன். குழந்தைக்கென்றால் பருத்திக் குல்லாவும் காலுறையும், மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ள நீளமான பருத்தித் துணியும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சில் வெற்று உடம்போடு கட்டி வைக்கிற முறையை கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1970-களின் கடைசியில் கொலம்பியாவில் கண்ணாடிப் பெட்டி போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பழைய மல் வேட்டி அதற்கும் ஆகும். குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு அல்லது பாலாடைக் கிண்ணம் கேட்டால் மட்டும், அதுவும் வார்டு சிஸ்டர் சொல்கிற மாதிரி, கொதிக்க வைக்கக்கூடிய ஸ்டீலில் வாங்குங்கள்.

இனி நேரம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஆனால் இது என் அனுபவத்தில் வந்த முடிவு, ஆராய்ச்சி இல்லை. பிறந்த அன்று எல்லோரும் வருவார்கள். நாற்பது நாள் வரை தாய்வீட்டில் எப்படியாவது பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் மாதம் அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கையிருப்பு கரையும், துணி சின்னதாகும், சளி பிடிக்கும், வேலைக்குக் கூப்பிடுவார்கள். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று 2017-லிருந்து இருக்கிறது. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவளுக்கு அதெல்லாம் காகிதத்தில். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தால் பால் நின்றுவிடும், டப்பா வந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதம் அவள் வீட்டில் இருக்க, அரிசி பருப்பு எண்ணெய் முட்டை என்று வீட்டுக்கே மளிகை வாங்கிக் கொடுத்தால், பால்பவுடர் கொடுக்காமலே குழந்தைக்குப் பால் கொடுத்த கணக்கு. ஆகவே மாதம் நாற்பது பேருக்குப் பை என்ற திட்டத்தை விட்டுவிட்டு, ஐந்து குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் கூடவே போங்கள் என்பேன். பிறந்தபோது இடுப்புத்துணியும் வாளியும், மூன்றாம் மாதம் அடுத்த அளவுச் சட்டையும் மளிகையும், ஆறாம் மாதம் ஒரு சின்ன குக்கரும் கிண்ணமும் ஸ்பூனும், ஒன்பதாம் மாதம் மறுபடி துணி. முதல் குழந்தை வளர்ந்து கழித்த சட்டையைத் துவைத்து ஆறாவது குழந்தைக்குக் கொண்டுபோகலாம்.

அந்த ஐந்து பேரை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. வார்டுக்குள் போய் யார் ஏழை என்று பார்த்தால், அழுக்குச் சேலை கட்டியவள்தான் கண்ணில் படுவாள். காதில் கவரிங் போட்டுக்கொண்டு, நகையெல்லாம் அடகில் வைத்துவிட்டு வந்து கிடப்பவள் படமாட்டாள். பிரிட்டனில் இதற்கென்றே 'பேபி பேங்க்' என்று அமைப்புகள் நடக்கின்றன; லண்டனில் 2016-ல் தொடங்கிய லிட்டில் வில்லேஜ் அதில் நன்கு அறியப்பட்டது. அங்கே மருத்துவச்சியோ, வீட்டுக்கு வந்து பார்க்கிற செவிலியரோ, சமூகப் பணியாளரோ குடும்பத்தைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். அமைப்பு குழந்தையின் வயதுக்கும் அளவுக்கும் பொருள் எடுத்து வைக்கும். நமக்கு அந்த இடத்தில் கிராம சுகாதார செவிலியர், நகர்ப்புறமென்றால் நகர சுகாதார செவிலியர் இருக்கிறார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் புருஷன் குடித்துவிட்டு மளிகையை விற்றுவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தலைக்குமேல் வேலை இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். மாதம் ஒரு போனுக்கு மேல் தொந்தரவு வேண்டாம். திருநெல்வேலியில் 2017-ல் வைத்த அன்புச் சுவர் மாதிரி, யாரும் வைக்கலாம் யாரும் எடுக்கலாம் என்று வைப்பது பெரியவர்கள் துணிக்கு நல்ல யோசனை. எடுப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தெருத்தூசியில் கிடந்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போட முடியாது.

படம் எடுக்காதீர்கள். இதை நான் வேண்டுகோளாக வைக்கவில்லை, நிபந்தனையாகவே வைப்பேன். சிசேரியன் ஆன மறுநாள், நைட்டியில் பால் நனைந்திருக்கிறது, எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் "குழந்தையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா" என்று சொல்லி, ஐந்து பேர் பையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவள் ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அதையும் எடுத்தார்கள். கல்யாணமாகாமல் பிரசவித்தவளும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவளும் அதே வார்டில்தான் இருப்பார்கள். உங்கள் சங்கத்துக்குக் கணக்குக் காட்ட ரசீதும், வார்டில் கொடுக்கிற பெற்றுக்கொண்ட கடிதமும் போதும்.

இதனால் சிசு மரணம் குறையுமா என்று எழுதியிருந்தீர்கள். பின்லாந்தில் 1938-லிருந்து ஏழைத் தாய்மாருக்கும், 1949-லிருந்து எல்லாத் தாய்மாருக்கும் அரசு ஒரு பெட்டி கொடுக்கிறது. உடுப்பு, போர்வை எல்லாம் போட்டு, அந்த அட்டைப்பெட்டியிலேயே குழந்தையைப் படுக்க வைக்கலாம். அதைக் கொடுத்துத்தான் அங்கே சிசு மரணம் குறைந்தது என்று அடிக்கடி படிக்கிறோம். பெட்டி வாங்க வேண்டுமென்றால் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதே காலத்தில் மருத்துவமும் வருமானமும் வளர்ந்தன. பெட்டிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் ஐந்து குடும்ப வேலையிலும் அப்படி எண்ணிக்கை எதிர்பார்க்காதீர்கள். குழந்தை எடை ஏறியதா, தடுப்பூசி தவறாமல் போட்டார்களா, தாய்ப்பால் ஆறு மாதம் ஓடியதா, இந்த மூன்றையும் நோட்டில் குறித்து வாருங்கள்.

கடைசியாக, கொண்டுபோய்க் கொடுக்கும் முறை. பிரசவ வார்டுக்குள் வெளியாள் நுழைவதை எந்த மருத்துவமனையும் விரும்பாது. குழந்தை காணாமல் போகிற பயம் எப்போதும் உண்டு. காவலாளியிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு பக்கக் கடிதம் எழுதி ஆர்.எம்.ஓ.வை, அதாவது மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன தேவை என்று அவர் குழந்தைகள் பிரிவுத் தலைமைச் செவிலியரிடம் அனுப்புவார். அங்கே போகும்போது கையில் எதையும் கொண்டுபோகாமல், பேனாவும் நோட்டும் மட்டும் எடுத்துப் போங்கள். மதியம் இரண்டு மணிக்குமேல் போனால் நிதானமாகப் பேசுவார்கள், காலையில் ரவுண்ட்ஸ் நேரத்தில் போனால் நானாக இருந்தாலும் விரட்டித்தான் விடுவேன். வேட்டி திரட்டுவதையும் துவைத்துத் தைப்பதையும் ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் நாற்பது பால்கனியிலும் துணி காயாது.